வெங்காய வேர் கற்பிக்கும் வாய்மை

தாவரநூல் பயிலப் புகும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாள் வெங்காய வேரின் நுனியை நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்குகின்றனர். ஓருயிரணு இரண்டாகப் பிரியும் முறையைக் கண்ணாரக் காண்பதற்கென்றே அப்பயிற்சி பாடத்தில் வைக்கப்பட்டுள்ளது. அடுத்த வாரம் அவர்தம் குறிப்பேட்டைத் திறப்போமாயின், நான்கு படங்கள் வரிசையாக நிற்கக் காண்போம். கூரிய பென்சிலால் வரையப்பட்டு, பெயர்கள் இடப்பட்டு, ஆசிரியரின் சிவப்பு மைக் கையொப்பத்துடன் விளங்கும் அப்படங்கள் பார்வைக்கு அழகியனவே. ஆயினும், அவற்றைச் சற்றே உற்று நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. படத்திலுள்ள உயிரணுவில் குரோமோசோம்கள் 4. வெங்காயத்தின் உடலுயிரணு ஒவ்வொன்றிலும் உள்ளவையோ 16. நான்கே குரோமோசோம் உடைய வெங்காயம் எவர் தோட்டத்திலும் விளைந்ததில்லை. அங்ஙனமாயின், நம் மாணவர் கண்டது எவ்வெங்காயம்?

விடை யாவரும் அறிந்ததே. அவர் கண்டது பாடநூலின் வெங்காயம். கற்போர்க்கு எளிதில் விளங்கும்பொருட்டுப் பாடநூலாசிரியர் குரோமோசோம்களின் தொகையைக் குறைத்து வரைந்தார். அது குற்றமன்று, வழி தெரியாதவனுக்குத் தரையிற் கோடு கிழித்துக் காட்டுவது போன்றதே அது. குற்றம் யாதெனில், அக்கோட்டையே ஊரெனக் கொண்டு, ஊருக்குச் சென்று மீண்டதாக எழுதுவதாம். குறிப்பேட்டின் தலைப்பிலோ 'வெங்காய வேர் நுனி. சிலைடில் கண்டது' என்றிருக்கின்றது. கண்டது ஒன்று, எழுதியது மற்றொன்று. இச்சிறு பொய்யைக் கலாசாலைகளில் நாம் பல்லாண்டுகளாகப் பொறுத்து வருகின்றோம். பொறுத்தல் மட்டுமோ, மதிப்பெண்ணும் அளித்து வருகின்றோம். இது சிறிய செய்தியன்று என்பதே நாம் ஈண்டு கூறப் புகுந்தது.

முதற்கண், அவ்வேர் நுனியில் மெய்யாக நிகழ்வது யாது எனச் சுருங்கக் காண்போம். வேரின் கடைசி இரண்டொரு மில்லிமீட்டர் அளவில், வேர்மூடிக்குச் சற்றுப் பின்னே, ஆக்குத்திசு என்னும் பகுதி உளது. வேர் நீள்வதற்கு வேண்டிய புதிய உயிரணுக்கள் தோன்றும் இடம் அதுவே. ஆங்குள்ள உயிரணு ஒன்று பிரிய வேண்டுமாயின், முன்னதாகத் தன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் இரட்டித்துக்கொள்ளுகின்றது. அந்நிலையில் உட்கரு வெளித்தோற்றத்திற்கு யாதொரு மாற்றமும் காட்டுவதில்லை. பின்னர், சிக்குண்ட நூல்போல் நீண்டு மெலிந்து கிடந்த குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கின்றன. ஒவ்வொன்றும் இரு புரிகளை ஒருங்கு வைத்தாற்போலத் தோன்றுகின்றது. இது புரோபேஸ் எனப்படும். உட்கருவின் உறை மறைந்தபின், நூற்குங் கதிர்போல் நடு பருத்து முனை சுருங்கிய ஓர் இழைத்தொகுதி உருவாகின்றது. குரோமோசோம்கள் அதன் நடுவில் அணிவகுத்து நிற்பது மெட்டாபேஸ். இரு புரிகளும் தம்முட் பிரிந்து எதிரெதிர் முனை நோக்கிச் செல்வது அனாபேஸ். முனை சேர்ந்தவை மீண்டும் நெகிழ்ந்து இரு புதிய உட்கருக்களாவது டீலோபேஸ்.

இம்மட்டும் விலங்குக்கும் தாவரத்திற்கும் பெரும்பாலும் பொது. இதன் பின்னர் நிகழ்வதே தாவரத்திற்குச் சிறப்பாக உரியது. விலங்கின் உயிரணு, இடையிற் கயிறு கட்டி இறுக்கியதுபோல, வெளியிலிருந்து உள்நோக்கி நெருங்கி இரண்டாகின்றது. தாவர உயிரணுவைச் சுற்றியோ உறுதியான சுவர் நிற்கின்றது. அதனை நெரித்தல் இயலாது. ஆகவே அது வேறொரு வழியை மேற்கொள்ளுகின்றது. இரு புதிய உட்கருக்களுக்கு இடையே நுண்குழல்களாலாகிய பிராக்மோபிளாஸ்ட் என்னும் சாரம் எழுகின்றது. கால்கி உறுப்புகளிலிருந்து சுவர்ப்பொருளைச் சுமந்து வரும் நுண்பைகள் அச்சாரத்தின் வழியே நடுவிடத்தை அடைந்து ஒன்றோடொன்று கலந்து ஒரு தட்டாகின்றன. அத்தட்டு நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வளர்ந்து, தாய்ச் சுவரைச் சென்று தொட்டுப் புதுச் சுவராக நிலைபெறுகின்றது. அவ்வாறு சுவர் எழும்பொழுதும் அண்டை வீட்டாரிடையே சன்னல் விடுவதுபோல் நுண்ணிய வழிகள் விடப்படுகின்றன. அவற்றின் மூலமே இரு சேயுயிரணுக்களும் பின்னர் உறவாடுகின்றன.

இன்னும் வியத்தற்குரியது ஒன்றுண்டு. கொத்தனார் சுவர் எழுப்புமுன் நூல் பிடித்து அடையாளம் செய்தலை நாம் கண்டிருக்கின்றோம். அதுபோலவே, பிரிவு தொடங்குமுன்னரே, புதுச் சுவர் வந்து சேர வேண்டிய இடத்தைச் சுற்றி நுண்குழல்களாலாகிய ஒரு கச்சை தாவர உயிரணுவின் உள்விளிம்பில் தோன்றுகின்றது. குரோமோசோம்கள் நடுவில் அணிவகுக்குமுன் அக்கச்சை மறைந்துவிடுகின்றது. ஆயினும் பின்னர் எழும் தட்டு அக்கச்சை இருந்த இடத்தையே தேடிச் சென்று பொருந்துகின்றது! 1966ஆம் ஆண்டில் பிக்கெட் ஹீப்ஸ், நார்த்கோட் என்னும் இருவர் கோதுமையின் உயிரணுக்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து இதனை வெளியிட்டனர். அதற்கு முன்னும் எண்ணற்றோர் வேர் நுனிகளை நோக்கியிருந்தனர். நான்கு நிலைகளையும் பிழையற வரைந்துமிருந்தனர். நான்கு நிலைகளோடு கதை முடிந்தது என்று எல்லோரும் அமைந்திருப்பாராயின், ஐந்தாவதொரு செய்தி வெளிப்பட்டிராது.

இனி, மாணவர் மெய்யாகவே தம் சிலைடை நோக்குவாராயின் யாது காண்பர்? பாடநூலில் நான்கு நிலைகளும் ஒத்த அளவில் ஒத்த இடம் பெற்று நிற்கின்றன. சிலைடிலோ அவ்வாறில்லை. நன்கு அமைந்த வேர் நுனியிலும், நூறு உயிரணுக்களை எண்ணினால் பிரிவில் ஈடுபட்டவை பத்தின் அளவினவே. பல சிலைடுகளில் அதனினும் குறைவு. எஞ்சியவை யாவும் இடைநிலையில் அமைதியாக உள்ளவை. பிரிவனவற்றுள்ளும் புரோபேஸ் மிகுதி; மெட்டாபேஸும் அனாபேஸும் அரிய. சில உயிரணுக்கள் எந்நிலையைச் சார்ந்தவை எனத் துணிதலும் அரிதாகும். நுனியை விட்டுச் சற்று மேலே வெட்டிவிட்டால், நீண்ட உயிரணுக்களன்றிப் பிரிவு ஒன்றேனும் தோன்றாது.

இதனைக் கண்டு மாணவர், 'என் சிலைடு கெட்டது' என்று சோர்ந்து பாடநூலைத் திறக்கின்றனர். அந்தோ! அவர் கையிலிருந்து ஒரு பொருள் நழுவிச் செல்வது அப்பொழுதேயாம். என்னை? வேரிலுள்ள உயிரணுக்கள் அனைத்தும் ஒரே வேளையிற் பிரியத் தொடங்குவனவல்ல. ஒவ்வொன்றும் தத்தம் போக்கில் செல்வது. ஆகவே ஒரு நிலையில் எத்துணை உயிரணுக்கள் காணப்படுகின்றனவோ, அத்துணை நேரம் உயிரணு அந்நிலையில் தங்குகின்றது என்று கொள்ளலாம். இடைநிலை மிகுந்திருத்தல், உயிரணு தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை ஆயத்தத்திற் கழிக்கின்றது என்பதைக் காட்டும். அனாபேஸ் அரிதாயிருத்தல், அது விரைந்து முடிவது என்பதைக் காட்டும். அசைவற்ற சிலைடு ஒன்று கடிகாரமாகின்றது! எண்ணுவார்க்கே அக்கடிகாரம் மணி கூறும். நான்கு படத்தைப் பெயர்த்தெழுதுவார்க்கு அது வாய் திறவாது.

நிற்க. 'இஃது இளமாணவர் செய்யும் சிறு பிழை. அறிஞர் இதற்கு ஆளாவரோ?' என வினவுவாருளர். ஆவர் என்பதற்கு வரலாறு சான்று. 1835ஆம் ஆண்டளவில் ஹூகோ பான் மோல் என்பார் பாசி ஒன்றின் உயிரணு, குறுக்கே சுவர் எழுந்து இரண்டாவதைக் கண்டு எழுதினார். ஆயினும் 1838இல் ஷ்லைடன் என்னும் பேரறிஞர், உப்புக் கரைசலிற் படிகம் திரள்வதுபோலப் புதிய உயிரணுக்கள் பழையவற்றினுள்ளே திரண்டு தோன்றுகின்றன என்று ஒரு கொள்கையை நிறுவினார். தாவர உறுப்புகள் அனைத்தும் உயிரணுக்களால் ஆயவை என்று உலகிற்கு எடுத்துரைத்தவருள் தலையாயவர் அவர்; அதனால் அவர்தம் பிழைக்கும் பெருமதிப்பு உண்டாயிற்று. உங்கர், நேகலி, ஹோப்மைஸ்டர் முதலியோர் 1840களில் வளரும் நுனிகளையும் மகரந்தத் தாயுயிரணுக்களையும் பொறுமையுடன் நோக்கி, உயிரணுப் பிரிவே பெருவழக்கு எனக் காட்டினர். ஹோப்மைஸ்டர் 1848இல் வரைந்த படங்களில், பின்னர்க் குரோமோசோம் எனப் பெயர் பெற்ற உருவங்களும் உள்ளன. அவற்றின் பொருளை அவர் அறிந்திலர். பெயரும் அப்பொழுது இல்லை. அறியாததையும் கண்டவாறே வரைந்து வைத்தாராதலின், பின்வந்தோர்க்கு அப்படங்கள் இன்றும் சான்றாகின்றன.

இதனினும் கூரிய சான்று ஒன்று மனித உடலைப் பற்றியது. மனிதனுக்குக் குரோமோசோம் எத்தனை? பெயின்டர் என்னும் அமெரிக்க அறிஞர், தெளிவாகத் தோன்றிய உயிரணுக்களில் 46 கண்டதாக 1921இல் எழுதினார். பின்னர் 1923இல் 48 என்று முடிவு கூறினார். அவர் காலத்துச் சிலைடுகளில் குரோமோசோம்கள் ஒன்றன்மேலொன்று கிடந்தமையால் அவர் தடுமாறியது வியப்பன்று. வியப்பு யாதெனில், அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேலாக நோக்கியவரெல்லாரும் பெரும்பாலும் 48 என்றே கண்டதாம்! நூல் கூறிய எண்ணைக் கண்ணும் கூறிற்று. 1955 டிசம்பரில் சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ என்பார் எண்ணியபொழுது 46 மட்டுமே கிடைத்தன. அவரும் ஆல்பர்ட் லெவானும் அதனை 1956இல் வெளியிட்டனர்; உலகம் ஏற்றுக்கொண்டது.

அவ்விருவரும் யாவர்? இருவரும் தாவர உயிரணுக்களை ஆராய்ந்து கைதேர்ந்தவர். லெவான் 1938இல் வெங்காய வேரின்மீது கால்ச்சிசின் என்னும் மருந்து செய்யும் மாறுதலை ஆராய்ந்து எழுதியவர். நம் நாட்டுச் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சு அக்கால்ச்சிசினே. அது கதிரிழைகள் உருவாகாமல் தடுத்துவிடுவதால், குரோமோசோம்கள் பிரிந்தேக வழியின்றி நின்றுவிடுகின்றன; நசுக்கிப் பரப்பினால் ஒவ்வொன்றாக எண்ணலாகும். வேர் நுனிகளில் பழகிய அம்முறையையே மனித உயிரணுவிற்கும் அவர்கள் கையாண்டனர். மருத்துவ உலகம் தன் எண்ணைத் திருத்திக்கொண்டது வெங்காய வேரில் பழகிய கைகளால் என்றால் மிகையாகாது. 1959இல் லெழோன் முதலியோர், டவுன் நோயுடைய குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோம் மிகுந்து 47 இருத்தலைக் கண்டறிந்தனர். இயல்பான எண் 46 எனத் தெளிந்திராவிடில் இதனை அறிதல் எங்ஙனம் கூடும்?

நம் பக்கத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. 1897இல் தலைச்சேரியிற் பிறந்து சென்னையிற் பயின்ற ஜானகி அம்மாள், சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றவர். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலின் பக்கங்களை எண்கள் நிரப்புகின்றன. ஒவ்வோர் எண்ணின் பின்னும் எங்கேயோ ஒருவர் ஒரு வேர் நுனியையோ மகரந்தப்பையையோ நோக்கி, எண்ணி, ஐயுற்று, மீண்டும் எண்ணியிருக்கின்றனர். அவருள் ஒருவர் பாடநூலைப் பார்த்து எண்ணியிருப்பாராயின், அவ்வெண்ணை நம்பி இனக்கலப்புச் செய்த உழவியலாரின் உழைப்பு வீணாகியிருக்கும். ஒரு மிஷன் கலாசாலையின் வகுப்பறையிலிருந்து புறப்பட்டவர் இவ்வளவு தூரம் சென்றனர் என்பது நமக்குப் பெருமை தருவது. அப்பெருமைக்கு நாம் தகுதியுடையோமா என்பதே கேள்வி.

நாம் கூறுவதற்கு மறுப்புரைப்பார் கூற்றையும் புறக்கணித்தலாகாது. நேரம் போதாது என்பர் சிலர். வெங்காயத்தை நீரின்மேல் வைத்து வேர் விடச் செய்தல், காலையில் நுனியை வெட்டுதல், அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த நீர்மத்தில் இடுதல், அமிலத்தில் மென்மையாக்குதல், அசிட்டோகார்மைனில் நிறமேற்றுதல், நசுக்குதல் என்னும் இத்தனை வேலையும் இரண்டு மணி நேர வகுப்பில் அடங்குதல் அரிதே. நுண்ணோக்கி ஒன்றுக்கு மாணவர் பலர் காத்து நிற்பதும் உண்மையே. தேர்வாளர் நான்கு படங்களையே எதிர்நோக்குகின்றனர். பிள்ளைகள் என் செய்வர் என்பர் வேறு சிலர். இன்றைக்கு உயிரணு பிரிவதை அசையும் படமாகவே திரையிற் காணலாமே, மங்கிய சிலைடை நோக்கிக் கண்ணை வருத்துவானேன் என்பாரும் உளர்.

இவற்றுள் முதலிரண்டும் மெய்யான இடர்கள். ஆயினும் அவை குறைவாகக் காண்பதற்குக் காரணமாகுமேயன்றி, காணாததைக் கண்டதாக எழுதுவதற்குக் காரணமாகா. ஒரு நிலையை மட்டும் கண்டவர் ஒரு நிலையை மட்டும் வரையட்டும். மூன்றாவது கூற்றும் முற்றிலும் தவறன்று. அசையும் படங்கள் அரிய செல்வம். அவற்றைக் காட்டாத ஆசிரியர் தம் மாணவர்க்குக் குறை செய்தவராவர். இறந்த உயிரணுவில் தோன்றும் கதிரிழைகள் மெய்யோ, மருந்து விளைத்த மயக்கமோ என்று அறிஞர் நெடுநாள் ஐயுற்றிருந்தனர். 1953இல் ஷின்யா இனோவே என்பார், ஒளியைச் சிறப்பு முறையில் ஒழுங்கு செய்த நுண்ணோக்கியால், லில்லியின் மகரந்தத் தாயுயிரணுவிலும் ஒரு கடற்புழுவின் முட்டையிலும், உயிரோடிருக்கும்பொழுதே அவ்விழைகளைக் காட்டி ஐயம் நீக்கினார். உயிருள்ள காட்சியின் மதிப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பிறர் கண்டதை நாம் பார்ப்பது வேறு. நாம் காண்பது வேறு. முன்னது செய்தியைத் தரும். பின்னதே கண்ணைப் பழக்கும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்றே. முதலாவது, குறிப்பேட்டில் இரு பக்கங்கள் வேறாக இருத்தல் வேண்டும். ஒன்றில் பாடநூற்படம், அவ்வாறே பெயரிட்டு. மற்றொன்றில் அன்று அச்சிலைடில் கண்டது, நாளும் பெருக்க அளவும் குறித்து. 'இவ்வுயிரணு புரோபேஸோ இடைநிலையோ, துணிய இயலவில்லை' என்று ஒரு மாணவர் எழுதுவாராயின், அவ்வரிக்கு அழகிய படத்தினும் மிகுந்த மதிப்பெண் வழங்குதல் வேண்டும். இரண்டாவது, வகுப்பு முழுவதும் சேர்ந்து எண்ணுதல் வேண்டும். ஒருவர் நூறு உயிரணு எண்ணினால், முப்பது பேர் மூவாயிரம் எண்ணுவர். அத்தொகையை ஆண்டுதோறும் ஒரே ஏட்டிற் பதிந்து வைப்போமாயின், சில ஆண்டுகளில் நம் ஆய்வுக்கூடத்திற்கென ஒரு சொந்தச் செல்வம் சேரும். மூன்றாவது, பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பழுதுற்ற நுண்ணோக்கிகளின் கண்ணாடிகளைப் புதுப்பிக்க அவர்கள் மனம் வைப்பாராயின், அவ்வுதவி கல்லில் பெயர் பொறித்து நிற்கும் பல அன்பளிப்புகளினும் பயனுடையதாகும்.

இவற்றுள் முதலாவதற்குப் பணம் வேண்டியதில்லை; ஆசிரியர் மனம் ஒன்றே போதும். அழகிய படத்துக்கு ஐயமின்றி மதிப்பெண் இட்டு, நேர்மையான வெறுமையை அடித்துத் திருப்பியவர் நாமே. 'நான்காவது படம் எங்கே?' என்று வினவினோமேயன்றி, 'இதனைக் கண்டாயா?' என்று எத்துணை முறை வினவினோம்? மாணவர் பொய்யைத் தாமாகக் கற்றாரல்லர். அதற்குரிய பரிசை நாம் காட்டக் கற்றனர்.

நம்முடையது மிஷன் கலாசாலை. காலை ஆராதனையில் வாய்மையைப் பற்றிப் பல முறை கேட்டுள்ளோம். பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை நியாயஸ்தலத்திற்கு மட்டும் உரியதன்று, ஆய்வுக்கூடத்திற்கும் உரியது. இறைவன் படைத்த ஓருயிரணு நம் கண்முன் தன் தொழிலைச் செய்து காட்டுகையில், அதனை விடுத்து வேறொருவர் படத்தை அதன் பெயரால் எழுதிக் கையொப்பமிடுதலும் சாட்சி சொல்லுதலே அன்றோ? இங்குப் பயில்வோர் அனைவரும் தாவரநூல் வல்லுநர் ஆகப்போவதில்லை. சிலர் மருத்துவராகி நோயாளியின் இரத்தத்தை நோக்குவர். சிலர் பொறியாளராகிப் பாலத்தின் விரிசலை நோக்குவர். சிலர் அலுவலராகி வெள்ளம் புகுந்த வயலை மதிப்பிடுவர். அன்று அவர்கள் முன்னும் ஒரு வெற்றுத்தாள் இருக்கும். அருகே, எதிர்பார்க்கப்படும் விடையும் இருக்கும். எதனை எழுதுவர் என்பது, பதினெட்டு வயதில் வெங்காய வேரின் முன் அமர்ந்து எதனை எழுதினர் என்பதைப் பொறுத்தது.

அடுத்த ஆண்டில் நம் ஆய்வுக்கூடத்துக் குறிப்பேடுகளுள், குரோமோசோம்கள் 16 இருக்குமென்று நூல் கூறுகின்றது, நான் எண்ண முடிந்தவை 13, மற்றவை ஒன்றன்மேலொன்று கிடந்தன என்று எழுதப்பட்ட ஒரு பக்கத்தையேனும் காண்போமாயின், நாம் பெரிதும் மகிழ்வோம். அப்பக்கத்தை எழுதிய மாணவரை நம்பி எத்துறையையும் ஒப்புவிக்கலாம்.